நோர்வேயில் குறைந்த செலவில் ஆணி டயர் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரப்பரில் உலோக ஆணிகள் பதித்த குளிர்கால டயர்தான் ஆணி டயர். அதில் நான்குக்கான விலையைக் கேட்டதும் பலர் பட்டியலின் அடியில் கிடக்கும் மிக மலிவான டயரைத் தேடிப் போகிறார்கள். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல. ஐஸ் மேல் வண்டியை நிறுத்துவதற்காகத்தான் ஆணி டயரே வாங்குகிறோம். அந்தப் பிடிப்பைக் குறைத்து வாங்கினால் சத்தமும் நகரக் கட்டணமும்தான் மிஞ்சும். பிடிப்பில் கை வைக்காமல் செலவைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன: ரிம் அளவு, டயர் மாற்றும் கூலி, வாங்கும் மாதம், பெரிய நிறுவனங்களின் இரண்டாம் வரிசை டயர்கள். இந்த வழிகாட்டி நோர்வேயில் சாதாரணக் கார் ஓட்டுபவர்களுக்கானது. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு விதிகள் வேறு.

முதலில்: உங்களுக்கு ஆணி வேண்டுமா?

ஆணி தேவையில்லாத இடத்தில் அதை வாங்காமல் இருப்பதுதான் மிகப் பெரிய சேமிப்பு. அதனால் இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிதானியுங்கள்.

ஐஸ் எல்லாக் குளிரிலும் ஒரே மாதிரி வழுக்காது. மைனஸ் 15, மைனஸ் 20 பாகையில் அது காய்ந்து இறுகியிருக்கும். அங்கே மென்மையான ரப்பரில் செய்த நல்ல ஆணியில்லா டயரும் நன்றாகவே பிடிக்கும். ஆபத்து பூச்சியத்தை ஒட்டிய நாட்களில்தான். பகலில் உருகி இரவில் உறைந்து, மறுநாள் மேலே மழையும் பெய்தால், ஐஸ் மீது மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். ரப்பர் அந்தப் படலத்தில் மிதந்து வழுக்கும். ஆணியின் முனையில் இருக்கும் டங்ஸ்டன் கார்பைட் அதைத் துளைத்துக்கொண்டு போய் ஐஸைக் கீறிப் பிடிக்கும்.

ஆகவே ஆணி தேவையா என்பதைக் குளிரின் கடுமை மட்டும் தீர்மானிப்பதில்லை. வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் நம்மவர் பலர் மீன் தொழிற்சாலை வேலைக்காகப் போய்ச் சேர்ந்த வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற ஃபின்மார்க் கரையோர ஊர்களும் துரொம்சோவும் இந்த வகைதான். மேற்குக் கரையின் பள்ளத்தாக்குச் சாலைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹவுக்கெலி, ஹர்டாங்கர்விடா, ஃபிலெஃபியெல் போன்ற மலைச் சாலைகளைக் குளிர்காலத்தில் அடிக்கடி கடப்பவருக்கும் ஆணியைத்தான் சொல்வேன்.

ஒஸ்லோவுக்குள் கதை வேறு. முக்கிய வீதிகளில் பனி அள்ளி உப்பும் தூவுகிறார்கள். அங்கே ஓடும் கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது ஆணி இல்லாமலே குளிர்காலத்தைக் கடக்கின்றன. வெறும் தாரில் ஆணி டயர் கூடுதல் சத்தம் போடும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும். உங்கள் ஓட்டம் நகரமும் பெருஞ்சாலையும்தான் என்றால், வட நாட்டு ஐஸுக்காக மென்மையான ரப்பரில் செய்த, ஆணியில்லாத நோர்டிக் டயரை வாங்குங்கள். வீடு செங்குத்தான ஏற்றத்தில் இருந்தாலோ, உப்பு வண்டி வருவதற்கு முன் அதிகாலை வேலைக்குச் சிறு சாலைகளில் கிளம்ப வேண்டியிருந்தாலோ, ஆணியைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் மிக மலிவாகத் தெரியும் ஆணியில்லா "குளிர்கால டயர்" பலவும் மத்திய ஐரோப்பிய வகை. ஜெர்மனியின் ஈரமான, வேகமான சாலைகளுக்காகச் செய்தவை. ரப்பர் சற்றுக் கடினம். நோர்வே ஐஸில் அவை நோர்டிக் வகைக்கு ஈடாகாது. டயரின் தரத்தைக் காட்ட 2021 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய டயர்ச் சீட்டில் (லேபிள்) ஐஸ் பிடிப்புக்கென்று தனிச் சின்னம் உண்டு. ஆணியில்லா டயர் வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி டயருக்கு அந்தச் சீட்டே கிடையாது, ஏனென்றால் அந்த விதி ஆணி பதித்த டயர்களை விலக்கி வைத்திருக்கிறது. ஆணி டயரை ஒப்பிடச் சோதனை முடிவுகள்தான் துணை. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது: தேதியும் கட்டணமும்

நோர்வேயின் பெரும்பகுதியில் நவம்பர் 1 முதல், ஈஸ்டர் திங்களுக்கு அடுத்து வரும் ஞாயிறு வரை ஆணி டயர் ஓட்டலாம். ஈஸ்டர் நகர்வதால் கடைசி நாளும் நகரும்: 2026இல் ஏப்ரல் 12, 2027இல் ஏப்ரல் 4. நூர்லான்ட், துரொம்ஸ், ஃபின்மார்க் ஆகிய வட மாகாணங்களில் ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை. சாலையில் உண்மையாகவே பனியோ ஐஸோ இருந்தால் இந்தத் தேதிகளுக்கு வெளியேயும் அனுமதி உண்டு.

ஆணி போட்டால் நான்கு சக்கரத்திலும் போட வேண்டும். "இரண்டு மட்டும் வாங்கினால் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் விடாது, விட்டாலும் செய்யக்கூடாது. முன்சக்கரம் பிடித்துப் பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். குளிர்காலத்தில் டயரின் மேற்பரப்பிலுள்ள வரிப்பள்ளத்தின் ஆழம் குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

அடுத்தது நகரக் கட்டணம். ஆணிகள் தாரைச் சுரண்டி எழுப்பும் நுண்தூசி நுரையீரலுக்குக் கெடுதி. அதனால் ஒஸ்லோ, பேர்கன், துரொன்ட்ஹைம் போன்ற நகரங்கள் ஆணி டயருக்குக் கட்டணம் வாங்குகின்றன. ஒஸ்லோவில் பல ஆண்டுகளாக இருந்துவந்த கட்டணம் நாளுக்கு 35, மாதத்துக்கு 450, பருவம் முழுவதற்கும் 1,400 குரோணர். வாங்கும் ஆண்டின் தொகையை நகராட்சியின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் ஒரு பருவத்தில் 40 நாளுக்கு மேல் ஒஸ்லோவுக்குள் ஓட்டினால் முழுப் பருவச் சீட்டு இலாபம். வெளியூரில் இருந்துகொண்டு பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மட்டும் வருபவர் 22 சனிக்கிழமைகளுக்கு நாள் சீட்டு எடுத்தால் 770 குரோணர்தான். தினமும் நகரத்துக்குள் வேலைக்குப் போகிறவர் இந்த 1,400ஐ டயர் விலையோடு ஆண்டுதோறும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஐந்து குளிர்காலத்தில் 7,000 குரோணர். சில வண்டிகளுக்கு டயரின் விலையையே அது தாண்டிவிடும்.

இன்னொன்று, நத்தாருக்கு ஜெர்மனியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் காரில் போகிற வழக்கம் இருந்தால் கவனம் தேவை. ஜெர்மனியில் ஆணி டயருக்குத் தடை. ஆஸ்திரிய எல்லையோரம் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் விலக்கு. நெதர்லாந்திலும் போலந்திலும் தடைதான். ஒஸ்லோவிலிருந்து கப்பலேறி கீல் துறைமுகத்தில் இறங்கினால் முதல் மீற்றரிலிருந்தே சட்டத்தை மீறுகிறீர்கள். டென்மார்க்கில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதி உண்டு. சுவீடனில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை ஓட்டலாம், ஆனால் ஸ்டொக்ஹோமின் ஹோர்ன்ஸ்காத்தன் வீதியில் 2010 முதல் ஆணி டயருக்குத் தடை. ஆண்டுதோறும் தெற்கே போகும் குடும்பத்துக்கு ஆணியில்லா டயரே வசதி.

மூன்றாவது: அளவு. பணம் இங்கேதான் மிஞ்சும்

டயரின் பக்கத்தில் 205/55 R16 94T என்பது போல எழுதியிருக்கும். 205 அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் நூற்றுவீதமாக. 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 94 சுமை எண், அதாவது ஒரு டயர் 670 கிலோ தாங்கும். T என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர் வரை. நோர்வேயின் உச்ச வேகம் 110 என்பதால் T தாராளம். ஆணி டயர்களில் அந்த எழுத்தைத்தான் அதிகம் காண்பீர்கள்.

சுமை எண்ணில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதே அளவில் 91 என்று போட்டது 615 கிலோதான் தாங்கும். பற்றரியின் எடையால் மின்கார்கள் கனமானவை. அவற்றுக்குப் பெரும்பாலும் எக்ஸ்.எல். குறியுள்ள, கூடுதல் சுமை தாங்கும் டயர் தேவைப்படும். மலிவாகக் கிடைக்கிறது என்று குறைந்த சுமை எண்ணை வாங்கினால் வாகனச் சோதனையில் சிக்கல், விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல்.

இப்போது ரிம். புதுக்கார்கள் அழகுக்காக 18, 19 அங்குல ரிம்மோடு வருகின்றன. அதே காருக்கு 16 அல்லது 17 அங்குலமும் அனுமதிக்கப்பட்டிருக்கலாம். ரிம் சிறிதானால் டயரின் விலை இறங்கும். நான்கையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான குரோணர் வித்தியாசம் வருவது வழக்கம். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் குளிர்காலக் குழிகளில் ரிம் அடிபடுவதும் குறையும். பாதுகாப்பில் எதையும் இழக்காமல் கிடைக்கும் சேமிப்பு இது. விலை விசாரிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

எந்த அளவு அனுமதி என்பதை அறிய வாகனப் பதிவு அட்டையைப் பாருங்கள். வீதி அதிகாரசபையான ஸ்டாட்டென்ஸ் வெய்வெசெனின் இணையத்தளத்தில் வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்தாலும் தொழில்நுட்ப விவரங்கள் வரும். காரின் கையேட்டிலும், ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய தாளிலும் இருக்கும். சிறிய ரிம் பிரேக்கில் முட்டாமல் உட்காருமா என்பதைக் கடையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பிரேக் பெரிதாக உள்ள சில கார்களுக்கு 16 அங்குலம் உள்ளே போகாது.

நான்காவது: எந்த டயர்?

விலை வரிசையில் மேலே இருப்பவை நொக்கியன், கொன்டினென்டல், மிஷ்லான், குட்இயர், பிரிஜ்ஸ்டோன், பிரெல்லி. பிடிப்பில் சிறந்தவை, விலையும் அப்படியே. வரிசையின் அடியில் அறிமுகமில்லாத பல பெயர்கள். நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இரண்டாம் வரிசைப் பெயரிலும் டயர் விற்கின்றன. நொக்கியனுக்கு நோர்ட்மன், கொன்டினென்டலுக்கு கிஸ்லவேட், குட்இயருக்கு சாவா, ஹன்கூக்குக்கு லௌஃபென். முதல் வரிசையில் சில ஆண்டுகளுக்கு முன் வந்த வடிவமைப்பும் அனுபவமும் இவற்றுக்கு இறங்கி வருவதுண்டு. நேற்றைய சிறந்த டயர் இன்றைய குளிர்காலத்திலும் நல்ல டயர்தான். கொரிய நிறுவனங்களான ஹன்கூக், கும்ஹோ, நெக்சன் ஆகியவற்றின் ஆணி டயர்களையும் இதே விலை மட்டத்தில் பார்க்கலாம். குறைந்த செலவில் ஆணி டயர் தேடுபவர் இந்த நடுக்கூட்டத்தில் இரண்டு மூன்றைத் தேர்ந்து ஒப்பிட்டால் போதும்.

ஒப்பிடும்போது பார்க்க வேண்டியவற்றில் ஒன்று ஆணிகளின் எண்ணிக்கை. 2013 ஜூலைக்குப் பிறகு தயாரான டயர்களுக்கு நோர்வே, சுவீடன், பின்லாந்து மூன்றிலும் ஒரு வரம்பு வந்தது: உருளும் சுற்றளவில் மீற்றருக்கு 50 ஆணி. 205/55 R16 டயரின் சுற்றளவு இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆக 99 ஆணி வரை வரும். அதற்கு மேல் பதிக்க விரும்பும் நிறுவனம், டயரைக் கருங்கல் துண்டுகள் மேல் ஓட்டிக் கல் எவ்வளவு தேய்கிறது என்று எடைபோட்டுப் பார்க்கும் சோதனையில் தேற வேண்டும். அப்படித் தேறிய விலையுயர்ந்த டயர்களில் 190 வரைகூட ஆணிகள் இருக்கும். எண்ணிக்கை மட்டுமே எல்லாம் அல்ல. ஆணி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, டயர் முழுவதும் எப்படிப் பரவியிருக்கிறது, சுற்றியுள்ள ரப்பர் அதை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பவையும் சேர்ந்துதான் பிடிப்பு. மலிவு டயர்களின் உண்மையான பலவீனம் அந்தக் கடைசி விஷயத்தில் வெளிப்படும். ஆணி கழன்று போய்விட்டால் நீங்கள் ஓட்டுவது சாதாரணமான ஆணியில்லா டயரைவிட மோசமான ஒன்றை.

சோதனைகளைப் படிக்கும் முறையும் முக்கியம். நோர்வே வாகன ஓட்டுநர் சங்கமான நாஃப், சுவீடனின் வி பிலேகாரே, பின்லாந்தின் துலிலாசி ஆகிய கார் இதழ்கள் போன்றவை குளிர்கால டயர்களைச் சோதித்து முடிவு வெளியிடுகின்றன. மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். சத்தம், எரிபொருள், ஓட்டும் சுகம் எல்லாம் கலந்த எண் அது. ஐஸில் பிரேக் தூரம், ஈரத் தாரில் பிரேக் தூரம் ஆகிய இரண்டு நிரல்களையும் முதலில் படியுங்கள். ஐஸில் முதலிடத்துக்கும் உங்கள் டயருக்கும் ஓரிரு மீற்றர் வித்தியாசம் என்றால் ஏற்கலாம். அதைவிடப் பெரிய இடைவெளி என்றால் அந்தச் சேமிப்பு வேண்டாம். ஈரத் தாரில் மிகவும் பின்தங்கும் டயரையும் ஒதுக்குங்கள். நவம்பரிலும் மார்ச்சிலும் பெரும்பாலும் ஓட்டப்போவது அந்தத் தாரில்தான்.

ஒரே ஒரு சோதனையை நம்பாதீர்கள். 2016 பெப்ரவரியில், பத்திரிகைச் சோதனைகளுக்கென்றே தனியாகச் செய்த டயர்களை நொக்கியன் அனுப்பி வந்ததைப் பின்லாந்தின் கவுப்பலெக்தி நாளிதழ் வெளிக்கொண்டு வந்தது. நிறுவனமும் ஒப்புக்கொண்டது. சோதித்த டயர் கடையில் வாங்கியதா என்று பாருங்கள். இரண்டு மூன்று சோதனைகளில் ஒரே மாதிரி வரும் முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: பழைய டயர் வாங்கலாமா?

பழைய பொருட்களை விற்கும் நோர்வேயின் ஃபின் இணையத்தளத்தில் ரிம்மோடு சேர்த்து நல்ல டயர்கள் கிடைக்கும். காரை மாற்றியவர்கள் ஒரு குளிர்காலம் ஓடிய டயரைப் பாதி விலைக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் பகல் வெளிச்சத்தில் நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தேடி, அந்த வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3824 என்றால் 2024ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். ஆறு வருடத்தைத் தாண்டியதை வாங்கமாட்டேன். வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகத் தொடங்கியிருக்கும். பள்ளம் 6 மில்லிமீற்றராவது இருந்தால்தான் அடுத்த சில குளிர்காலங்களைத் தாங்கும். நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஆணிகள். கையால் தடவிப் பாருங்கள். புதிய டயரில் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் வெளியே நிற்கும். ரப்பரோடு மட்டமாகிவிட்டால் அது வேலை செய்யாது. காலியான ஓட்டைகளை எண்ணுங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு போயிருந்தால் பரவாயில்லை, ஒரே பக்கமாகக் கூட்டமாகப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். விழுந்த ஆணிக்குப் பதிலாகப் புது ஆணி பதிக்கலாம் என்று விற்பவர் சொன்னால் அதை நம்பி விலை கொடுக்காதீர்கள். தேய்ந்து விரிந்த ஓட்டை புது ஆணியைச் சரியாகப் பிடிக்காது.

ஆறாவது: முழுச் செலவையும் கேட்டு வாங்குங்கள்

இணையத்தில் காட்டும் விலை பெரும்பாலும் டயருக்கு மட்டும். ரிம்மில் ஏற்றுவது, சமன்படுத்துவது, வால்வு, காரில் பூட்டுவது எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். அந்த மொத்தத்தை வைத்துக் கடைகளை ஒப்பிடுங்கள்.

குளிர்காலத்துக்கென்று தனி ரிம் வைத்திருப்பது நல்லது. ஒரே ரிம்மில் கோடை டயரையும் குளிர்கால டயரையும் மாற்றி மாற்றி ஏற்றினால் ஒவ்வொரு முறையும் கூலி, டயரின் விளிம்புக்கும் தேய்மானம். அப்படி ஏற்றுவதற்கு ஒரு தடவைக்கு 800 குரோணர் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,600. இரும்பு ரிம்மின் விலை சில ஆண்டுகளில் திரும்பிவிடும். சக்கரத்துக்குள் காற்றழுத்த சென்சர் உள்ள கார் என்றால் புது ரிம்முக்கும் சென்சர் வேண்டும், அதையும் விலையில் சேருங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வழியாக அழுத்தத்தைக் கணிக்கும் கார்களுக்கு அது தேவையில்லை.

ஒரு குளிர்காலத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 4,000 குரோணர் டயர் மூன்று குளிர்காலத்தில் ஆணியை உதிர்த்துவிட்டால் ஆண்டுக்கு 1,333. 5,500 குரோணர் டயர் ஐந்து குளிர்காலம் நின்றால் 1,100. தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ப இதே கணக்கைப் போடுங்கள்.

முதல் பனி விழுந்த வாரம் வாங்கப் போகாதீர்கள். அன்று வரிசையும் நீளம், நடுத்தர விலை டயர்களும் தீர்ந்திருக்கும். வசந்தத்தில் கடைகள் மிச்சத்தைத் தள்ளிவிடும் காலமும், ஆகஸ்ட், செப்டம்பரும் நல்லவை. வசந்தத்தில் வாங்கினால் தயாரிப்பு வாரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது: பூட்டிய பிறகு

முதல் 500 கிலோமீற்றர் மென்மையாக ஓட்டுங்கள். திடீர் வேகம், கடும் பிரேக், சக்கரம் சுழலும் புறப்பாடு எதுவும் வேண்டாம். புது ஆணி ரப்பருக்குள் நன்றாக உட்கார அவ்வளவு தூரம் தேவை. அவசரப்பட்டால் நடுத்தர விலை டயரும் மலிவு டயர்போல ஆணியை உதிர்க்கும். முடிந்தால் சாலையில் ஐஸ் வருவதற்குள் இந்தத் தூரத்தை முடித்துவிடுங்கள்.

நட்டுகளை 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்குங்கள். முறுக்குவிசை காட்டும் ஸ்பானர் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கி வைத்தால் எல்லோருக்கும் உதவும். வெப்பநிலை 10 பாகை இறங்கினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறையும். அதனால் செப்டம்பரில் சரியாக இருந்த அழுத்தம் ஜனவரியில் போதாது. மாதம் ஒருமுறை சோதியுங்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு டயரிலும் எந்தப் பக்கம், முன்னா பின்னா என்று சோக்கால் எழுதுங்கள். ஆணி ஒரே திசையில் உருண்டு பழகியிருக்கும், அந்தத் திசையை மாற்றாமல் முன்பின்னாக மட்டும் இடம் மாற்றினால் நீண்ட நாள் நிற்கும். வரிப்பள்ளம் ஆழமாக உள்ள இரண்டையும் பின்னால் போடுங்கள். வீட்டில் இருட்டான, குளிர்ந்த களஞ்சியம் இருந்தால் டயரைப் பருவம் முடியும்வரை வைத்துப் பாதுகாக்கும் டயர் ஹோட்டலுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. உப்பைக் கழுவிக் காயவைத்து, ரிம்மோடு இருப்பவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மேலே துணி போட்டு மூடினால் போதும்.